கற்பூரத்துக்குத் திரும்பிய ஆமைகள்

திருவண்ணாமலைக்காரர்களிடம் ஒரு கோளாறு உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்த்துவைத்துக்கொள்வோம். (பாத்ரூம் எங்கே என்பதெல்லாம் அப்புறம்தான்.) எங்கள் வீட்டில் இது கொஞ்சம் ஜாஸ்தி. பௌர்ணமியன்று வெளியூரில் மாட்டிக்கொண்டு கிரிவலம் தவறிப்போனால், மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாக வேண்டும். அதனால் என் கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஒரு டப்பா கற்பூரம் இருக்கும். அந்த டப்பாதான் என் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

மாப்பிள்ளை கதிருக்குக் கடலோரச் சரணாலயம் ஒன்றில் வேலை. ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் பறவைகளைக் கணக்கெடுப்பார். ஆமை முட்டைகளை எடுத்துவந்து வேலி போட்ட இடத்தில் புதைத்து, குஞ்சு பொரிக்கும்வரை காவல் காப்பார். பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு இரண்டு முறை ஃபோனில் பேசினோம். எனக்கு அவரை ரொம்பவே பிடித்துவிட்டது. பிடித்துப்போன வேகத்தில், "எனக்கும் பறவைன்னா உயிருங்க. எங்க ஏரியில பாக்காத பறவையா?" என்று அளந்துவிட்டேன். "அப்ப குடும்பத்தோட வந்து இங்கயும் பாருங்க" என்றார். அவர் வாயிலிருந்து சம்மதம் வரவேண்டியது மட்டும்தான் பாக்கி.

பங்குனி மாதம், பௌர்ணமி நாள். எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்து அப்பா, மாமா, சித்தி என்று எட்டுப் பேர் போய் இறங்கினோம். கதிர் என் கையில் பைனாகுலரைக் கொடுத்தார்.

"அது என்ன பறவை, சொல்லுங்க பாப்போம்."

"கொக்கு."

"கூழைக்கடா. அதுக்குப் பக்கத்துல?"

"அது… வேற கொக்குங்க."

"கரண்டிவாயன். சரி, கடைசில ரோஸ் கலர்ல நிக்குதே?"

பூநாரை என்ற பெயர் நாக்கு நுனி வரை வந்தது என்று இன்றுவரை சாதித்துக்கொண்டிருக்கிறேன். வாயிலிருந்து வந்ததோ வேறு: "அது ரொம்ப நேரம் வெயில்ல நின்ன கொக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். என்னைப் பற்றித்தான் இருக்கும்.

பொழுது சாய்ந்ததும் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அன்று பொரித்த பங்குனி ஆமைக் குஞ்சுகள் ஒரு கூடை நிறைய இருந்தன. ஒவ்வொன்றும் பெரிய கடலைமிட்டாய் அளவுதான். கட்டியிருந்த கயிற்றுக்கு உள்ளே எங்களை வெறுங்காலோடு நிற்கவைத்துவிட்டுச் சொன்னார்:

"ஃபோன், டார்ச் எதுவும் போடாதீங்க. கடல் மேல தெரியற வெளிச்சத்தப் பாத்துதான் குஞ்சு போவும். வேற வெளிச்சம் பட்டா வழி மாறிடும்."

நான் ஃபோனையே அணைத்துப் பையில் போட்டேன். படம் பிடிக்கப் பார்த்த மாமாவை, "சொன்னா கேக்க மாட்டீங்களா?" என்று அதட்டவும் செய்தேன். (மருமகளுக்கு எவ்வளவு பொறுப்பு என்று கூடவே நின்ற கதிரின் அம்மா பார்க்கட்டுமே!)

குஞ்சுகள் மணலில் இறங்கிக் கடலை நோக்கிப் புறப்பட்டன. எல்லோர் கண்ணும் அங்கே. நிலா மேகத்துக்குள் இருந்தது. எனக்கு மட்டும் பௌர்ணமி ஞாபகம் வந்தது. மலை மேற்கே. கடலுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, மணலில் குழி பறித்தேன். இந்தச் சம்பந்தம் முடிய வேண்டும் என்ற வேண்டுதல் பெரிதாக இருந்ததால், டப்பாவில் இருந்த கற்பூரம் முழுவதையும் கொட்டிப் பற்றவைத்தேன். அது வெளிச்சம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. கற்பூரம் சாமி காரியம் ஆயிற்றே!

"யாரு நெருப்பு வெச்சது?" என்று கதிர் கத்தினார்.

தட்டுத்தடுமாறி எழுந்து திரும்பினேன். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அத்தனை குஞ்சும், பௌர்ணமிக் கூட்டம் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தன.

"யாரும் காலத் தூக்காதீங்க, மிதிச்சிடுவீங்க! அத மொதல்ல ஊதி அணைங்க!"

"சாமி நெருப்ப வாயால ஊதக் கூடாதுங்க!"

"ஐயோ, அப்ப எப்படியாவது அணைங்க!"

கதிரின் அம்மாதான் இரண்டு கை மணலை அள்ளி, என் வேண்டுதலின் மேல் கொட்டினார்.

கதிர் தவழ்ந்து தவழ்ந்து குஞ்சுகளைக் கூடையில் சேர்த்தார். அதற்குள் எங்கள் ஆட்கள் பயத்தில் ஒவ்வொருவராகக் கயிற்றைத் தாண்டி ஓடிவிட்டார்கள். எண்ணி முடித்தவர் முகம் வாடிப்போய் நிமிர்ந்தார். "ஒண்ணு கம்மி."

அதை யாராவது மிதித்திருந்தால் அந்தப் பாவம் என் தலையில்தான். அப்போது என் கணுக்காலில் ஏதோ கீறியது.

"இங்க… பொடவைக்குள்ள ஒண்ணு கீதுங்க" என்றேன்.

கதிர் என் முன்னால் மண்டியிட்டுக் குனிந்து கொசுவத்தை விலக்கினார். இருட்டில் தூரத்திலிருந்து பார்த்த அப்பா அலறினார்: "ஐயையோ மாப்ளே! இன்னாது இது, இப்பவே கால்ல விழுறீங்க! எழுந்திருங்க!"

மேகம் விலகி நிலா வந்ததும் கதிர் குஞ்சுகளை மறுபடி கடல் பக்கம் இறக்கிவிட்டார். அந்தக் கடைசிக் குஞ்சு அலைக்குள் போனதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். ஆமை பிழைத்தது, சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன். திரும்பும்போது வேனில் அப்பா கையை நீட்டி, "அந்த டப்பாவக் குடு" என்றார்.

மூன்றாம் நாள் ஃபோன் வந்தது. பெண் பிடித்திருக்கிறதாம்.

ஏழு வருஷம் ஆகிறது. இன்றும் செங்கம் ரோட்டில் மாமா வீட்டு விசேஷத்தில் கற்பூரத் தட்டு வந்தால் போதும். அப்பா என் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, "மாப்ளே, ஒண்ணு கம்மி!" என்பார். கூட்டமே சிரிக்கும்.

அவ்வளவு கூத்துக்குப் பிறகும் எப்படிச் சம்மதித்தீர்கள் என்று கதிரிடம் ஒருமுறை கேட்டேன். "நான் கத்தினதுக்கப்புறம் காலத் தூக்காம நின்னது நீ ஒருத்திதான். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்" என்றார், பெருமையாக.

மண்டியிட்டிருந்ததில் எனக்கு இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. தூக்க நினைத்தும் முடியவில்லை. இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.