செத்த நட்சத்திரத்து மாப்பிள்ளை

இந்தப் பிரபஞ்சத்தில் எதைக் காட்டினாலும், "இதை இன்னும் கொஞ்சம் அமுக்கினால் என்ன ஆகும்?" என்று கேட்ட ஒரே மனிதர் எங்கள் அமுக்கம் மாஸ்டர்தான். எழுபதுகளின் கடைசியில் இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரே அறையில் தங்கிப் படிப்பித்தோம். நான் தமிழ், அவர் பௌதிகம். ரொட்டியை அமுக்குவார், தலையணையை அமுக்குவார். கைக்கு அகப்பட்டிருந்தால் மலையில் இறங்கும் பனிமூட்டத்தையும் அமுக்கியிருப்பார்.

செத்துப்போன பெரிய நட்சத்திரம் தன் பாரத்திலேயே நசுங்கி ஓர் ஊரளவுக்குச் சுருங்கிவிடுமாம். அதன் நடுவில் நியூத்திரன்கள் முழுசாக இருக்கின்றனவா, உடைந்து உள்ளிருக்கும் குவார்க்குகள் ஒன்றாய்க் கலந்துவிட்டனவா? இரவு பகலாக அவர் போட்ட கணக்கு இதுதான். அவருடைய ஆய்வுகூடம், ஊருக்குப் போக அவர் ஏறும் அக்கரப்பத்தனை பஸ்.

"இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று சிங்களத்தில் கத்திக்கொண்டே கண்டக்டர் கூட்டத்தை முன்னே தள்ளத் தள்ள, மாஸ்டர் முகம் மலரும்.

"பாருங்க சார், ஏறும்போது குடும்பம் குடும்பமா ஏறுனாங்க. அது நியூத்திரன். இப்ப யாரு புள்ள யாரு மடியில இருக்குன்னு தெரியுதா? இதுதாங்க குவார்க்கு."

இந்தப் பேச்சாலேயே பல இடங்களில் கல்யாணம் தட்டிப்போயிற்று. கடைசியாக வந்த சம்பந்தம், கடைவீதி ஜவுளிக்கடைக்காரர் மகள். அவளைப் பார்ப்பதற்காகவே வேண்டாத துவாய்களை வாங்கிக் குவித்தவர் அவர். பெண் பார்க்கப் போகும் வழியெல்லாம் கெஞ்சினேன்: நட்சத்திரத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள். தலையாட்டினார்.

பலகாரம் வந்தது. கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"மாப்பிள்ளைக்கு என்னா நட்சத்திரங்க?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"செத்த நட்சத்திரங்க," என்று தொடங்கியவர், லட்டை உள்ளங்கையில் அமுக்கிக் காட்டி, அந்த நட்சத்திரத்தின் நடுமையம் வரை விளக்கிக்கொண்டே போய்விட்டார். கடைக்காரர் முகம் இறுகியது. பிறந்த நட்சத்திரத்தை அமுக்கி மறைக்கிறார் என்றே நினைத்திருப்பார். நான் செருப்பைத் தேட எழுந்தேன்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"செத்த நட்சத்திரத்துக்கு ஒரு தோஷமும் இருக்காதுங்களேப்பா."

கல்யாணம் முடிந்து அதே பஸ்ஸில் அக்கரப்பத்தனைக்குப் போனோம். கண்டக்டர் தள்ளினார், கூட்டம் நெருக்கியது. அமுக்கத்தையே ஆராய்ந்த மனிதர், அன்று மனைவியைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டு, முழங்கைகளை விரித்துக்கொண்டு எல்லாரையும் தடுத்து நின்றார்.

நான் படியில் தொங்கியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கரப்பத்தனை இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம்.