ஐநூற்றில் ஒரு நிலா

"ஆசாரிக்கு இப்ப இன்னா?" என்று கேட்டாள் செவ்வந்தி.

சிவசங்கர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே யோசித்தான். போன வாரம் காய்ச்சல் என்று சொல்லியாகிவிட்டது. அதற்கு முந்தைய வாரம் சம்பந்தி வீட்டுக் காதுகுத்து.

"கையில காயமாம். உளி பட்டுடுச்சாம்."

"பாவம் அந்த மனுசன். என் கொலுச கையில வாங்கனதுல இருந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கினே இருக்குது." அவள் தோசையைத் திருப்பினாள். "ஞாயித்துக்கெழம களமருதூர்ல தங்கச்சிக்கு வளகாப்பு. வெறுங்காலோட போய் நின்னா எங்கம்மா கேக்காது? அப்பா கரும்பு வெட்டி வாங்கிக் குடுத்த கொலுசு எங்கடின்னு கேக்கும்."

"வந்துடும் செவ்வந்தி."

"நான் இன்னா நிலாவையா கேட்டேன்? கொலுசுதானங்க கேட்டேன்."

நிலா என்றதும் சிவசங்கருக்குப் பொத்தான் ஒரு துளை மாறிப் போயிற்று.

மூன்று மாதத்துக்கு முன், திருகு உடைந்த அந்தக் கொலுசை அழித்துப் புதிதாகச் செய்துவரச் சொல்லி அவள் கொடுத்தாள். நைனார்பாளையம் கொளஞ்சியப்பன் ஆசாரியிடம் போகத்தான் அவன் கிளம்பினான். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் காத்திருந்தபோது கைபேசியில் நிலாவைப் பார்த்துவிட்டான்.

வெள்ளி நாணயம். ஐம்பது கிராம். ஒரு பக்கம் முழுநிலா, பள்ளங்களும் நிழல்களும் அப்படியே. மறுபக்கம் வரிசை எண். உலகத்துக்கே ஐநூறுதான் அச்சடித்திருக்கிறார்களாம். டை கட்டிய ஒருவர், பத்து வருடத்தில் பத்து மடங்கு என்றார். வெள்ளியின் விலையைப் போல இரண்டு மடங்கு கேட்டார்கள். சிவசங்கர் கொலுசைக் கடைத்தெருவில் விற்றான். பண்டிகை முன்பணத்தையும் சேர்த்தான். இருநூற்றுப் பன்னிரண்டாம் நிலா கண்ணாடி போன்ற ஒரு டப்பாவில் வந்து சேர்ந்தது. பீரோ மேல், யாரும் தொடாத பழைய இயற்பியல் புத்தகக் கட்டுக்குள் அதை வைத்தான்.

அவன் வெள்ளிமலையில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். தினமும் காலையில் மலைப் பேருந்தில் ஏறுவான். வளைவுகளில் பஞ்சு போல மூடுபனி நிற்கும். ஒவ்வொரு வளைவிலும் அவனுடைய கனவு ஒரு செங்கல் ஏறும். பத்து மடங்கு வந்ததும் சரிவில் ஒரு சின்ன வீடு. கிழக்கே ஒரு ஜன்னல். உள்ளே வரும் மேகத்துக்கு ஒரு நாற்காலி.

சமீபமாக அந்தக் கனவில் ஒரு சத்தமும் சேர்ந்திருந்தது. நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவனுக்கு நிலாவிலிருந்து மணிகள் சொட்டுவது போல இருந்தது. சல், சல். விழித்துப் பார்த்தான். சமையலறை வாசலில் செவ்வந்தி, பாதம் மறையப் புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு அசையாமல் நின்றிருந்தாள்.

"இன்னா சத்தம்?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

குற்றம் செய்தவன் காதுக்கு இப்படியெல்லாம் கேட்கும் என்று நினைத்துக்கொண்டான்.

நிலாவை விற்றுவிட்டால் கொலுசு வாங்கிவிடலாம். அன்று மாலை கடைத்தெரு நகைக்கடையில் டப்பாவை நீட்டினான். கடைக்காரர் திறக்கவே இல்லை.

"எடைக்குத்தான் எடுப்போம். அதுலயும் கழிவு உண்டு."

"ஐநூறுதான் போட்டாங்க. நிலா பாருங்க."

"நல்லாத்தான் இருக்குது. நிலாவுக்குன்னு தனி ரேட்டு கெடயாதுங்க."

சிவசங்கருக்குச் சுருக்கென்றது. இவருக்குச் சேகரிப்பு தெரியாது என்று முடிவுசெய்தான். நாணயம் சேகரிப்பவர்களின் வாட்சப் குழுவில் சென்னைக்காரர் ஒருவரின் எண்ணைப் பிடித்தான். அவர் படமும் துல்லியமான எடையும் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை ஆய்வகத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நாணயத்தை வெளிச்சத்தில் வைத்தான். நிலாவின் ஓரத்தில் பாசி போல லேசாகப் பச்சை படர்ந்திருந்தது. வெள்ளி கறுக்கும் என்று அவனுக்குத் தெரியும். பச்சையாகி அவன் பார்த்ததில்லை. ஆனால் பழைய நாணயத்தில் நிறம் ஏறினால் மதிப்பும் ஏறும் என்று குழுவில் படித்திருந்தான். கறுப்புக்கே மதிப்பு என்றால் பச்சைக்கு எவ்வளவு! ஜன்னல் வழியே வந்த மேகம் நாற்காலி தேடுவது போல மேசையைச் சுற்றியது.

டப்பாவைத் திறந்து நாணயத்தை மின்தராசில் வைத்தான்.

நாற்பத்தொரு கிராம்.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். நாற்பத்தொன்று. ஐம்பது கிராம் எடைக்கல்லை வைத்தான். சரியாக ஐம்பது. சிவசங்கர் சற்று நேரம் யோசித்தான். தராசும் எடைக்கல்லும் ஒரே கம்பெனி. இரண்டும் ஒரே மாதிரிதான் தப்பாக இருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் 'பழுது' என்று எழுதித் தராசின் மேல் ஒட்டினான்.

வேதியியல் ஆசிரியை சங்கவி அதை உடனே பார்த்துவிட்டார். வெள்ளிமலையிலேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே வேலைக்கு வந்தவர்.

"காலையில நான் உப்பு எடை போட்டேனே சார். நல்லாத்தான இருந்துச்சு?"

"ஒம்போது கிராம் கம்மியா காட்டுதுங்க."

"எதை வெச்சுப் பாத்தீங்க?"

அவன் நாணயத்தைச் சட்டைப்பைக்குள் விட்டான். "ஒரு பொருள். கீழ அது ஐம்பது கிராம். இங்க கம்மியா இருக்குது. உயரம் போனா ஈர்ப்பு கம்மியாவும் இல்லீங்களா?"

சங்கவி அவனை மேலும் கீழும் பார்த்தார். "அம்பதுல ஒம்போது கொறையற எடத்துல, நீங்க இந்நேரம் ஒரு எட்டு வெச்சா எதிர சாமை வெளையற காட்டத் தாண்டி விழணும் சார்."

சிவசங்கர் சிரிக்கவில்லை. உண்மையில் மூடுபனிக்குள் நடக்கும்போது அவனுக்கு அப்படித்தான் இருந்தது.

"வியாழக்கெழம பசங்களுக்குச் செய்முறைத் தேர்வு," என்றார் சங்கவி. "பழுதுன்னு ஒட்டினது நீங்க. ரிப்பேர் பண்ணிக் கொண்டுவர்றதும் நீங்கதான்."

தராசைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினான். வளைவுகளில் அது குலுங்காமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். நடத்துநர் குனிந்து பார்த்தார்.

"கொழந்தைக்கு எத்தினி மாசங்க?"

பேருந்து முழுக்கச் சிரித்தது. சிவசங்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கீழே நெல்வயல்களில் தேங்கிய தண்ணீரில் பகல்நிலா ஒன்று கூடவே ஓடி வந்தது.

புதன்கிழமை பழுது பார்ப்பவர் தராசைப் பிரித்தார், துடைத்தார், மூடினார். "ஒரு கோளாறும் இல்லீங்க," என்று சொல்லி அதற்கும் காசு வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, செவ்வந்தி குழாயடிக்குப் போன நேரம், நாணயத்தைத் தராசில் வைத்தான். நாற்பத்தொன்று. சமவெளியிலும் நாற்பத்தொன்று. தராசுக்கு மலைப்பழக்கம் வந்துவிட்டது என்று தோன்றியது.

"இன்னாத்தங்க எடை போடறீங்க?" செவ்வந்தி குடத்தோடு நின்றிருந்தாள்.

நாணயத்தைக் கைக்குள் மூடிக்கொண்டான். "வெங்காயம்."

"போடுங்க, போடுங்க. இந்த வூட்டுல இப்ப எல்லாமே எடை கம்மிதான்." சிரிப்பை அடக்குகிற மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை தராசு மலை ஏறியது. தேர்வும் நடந்தது. பையன்களுக்கு எல்லா எடையும் சரியாக வந்தது. சங்கவி அவன் பக்கம் திரும்பவில்லை. 'பழுது' தாளை மட்டும் அழகாக மடித்து அவன் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எடையைச் சொல்ல அவனுக்குத் துணிவில்லை. படத்தை மட்டும் அனுப்பினான். சென்னைக்காரர் மாலையே கூப்பிட்டார்.

"சார், டப்பா இல்லாம படம் எடுத்திருக்கீங்களே. தொறந்துட்டீங்களா?"

"எடை போடணும்னு நீங்கதானங்க கேட்டீங்க?"

"சான்றிதழ்ல இருக்கற எடையக் கேட்டேன் சார். தொறந்து கைபட்டா சேகரிக்கறவங்க தொடமாட்டாங்க. அப்புறம் அந்தப் பச்ச இன்னா, அதுவும் சரியில்ல."

"ஐநூறுதாங்க போட்டாங்க." சிவசங்கரின் குரல் அவனுக்கே தூரத்தில் கேட்டது. "கம்மியா இருந்தா விலை ஏறணும் இல்லீங்களா?"

"ஐநூறு பேர்ல பாதிப்பேர் எங்கிட்டதான் சார் விக்கச் சொல்லிக் கேட்டுக்கினு இருக்காங்க. காசு கம்மியாத்தான் போட்டாங்க. வாங்கற ஆளு அதவிடக் கம்மி. ஆசைப்பட்டு வாங்கனீங்களா, வெச்சுப் பாருங்க. லாபத்துக்குன்னா, வெறும் வெள்ளியா வாங்கியிருக்கலாம்."

சிவசங்கர் பள்ளியின் சுற்றுச்சுவரில் உட்கார்ந்தான். மேகம் வந்து அவனை மூடியது. அதற்குள் செங்கல் செங்கலாக அவனுடைய வீடு கரைந்தது. கடைசியில் ஜன்னல். அப்புறம் நாற்காலி. எல்லாம் போன பிறகு, கரும்புச் சோகை கிழித்த கையோடு ஒரு மாமனார் மட்டும் நின்றிருந்தார். அந்த மனிதர் அவனிடம் அதிகம் பேசியதே இல்லை. இறந்து நான்கு வருடம் ஆகிறது. மகளின் கால் சத்தம் எந்த அறையில் கேட்கிறது என்று காதால் தேடிக்கொண்டே சாப்பிடுவார்.

முடிவு செய்தான். நிலாவை உருக்கிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்புவது போலக் கிளம்பினான். தெரு முனை திரும்பும்போது வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சல், சல், சல். துள்ளிக்கொண்டு ஓடுகிற மாதிரி. காதைப் பொத்திக்கொண்டு நைனார்பாளையம் பேருந்தில் ஏறினான்.

கொளஞ்சியப்பன் ஆசாரி பட்டறையில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தார். சிவசங்கர் முதலில் அவருடைய கைகளைப் பார்த்தான். இரண்டும் நன்றாக இருந்தன.

"வாங்க மாப்ள, வாங்க. களமருதூர் பொண்ணு வூட்டுக்காரருதான? ஒக்காருங்க."

"ஒடம்பு எப்டிங்க இருக்குது?"

"எனக்கு இன்னாங்க, கல்லு மாதிரி இருக்கேன். காய்ச்சல்னு படுத்து மூணு வருசம் ஆவுது."

சிவசங்கர் தலையைக் குனிந்துகொண்டான். டப்பாவைத் திறந்து நிலாவை அவர் முன்னால் வைத்தான்.

"இத உருக்கி ஒரு ஜோடி கொலுசு செஞ்சு குடுங்க. நாளைக்குள்ள வேணும். கூலி எவ்ளோ ஆனாலும் பரவால்ல. வூட்டுல மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க. அவங்க அப்பா கொலுச வித்து இத வாங்கிட்டேன். தப்புதாங்க."

ஆசாரி நாணயத்தை எடுத்தார். உரைக்கவில்லை. எடை போடவில்லை. கட்டை விரலால் நிலாவின் பச்சையைத் துடைத்துவிட்டு, ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

"நெசமாவே உருக்கணுமாங்க?"

"மனசு வரலதாங்க." அவனுக்குக் கண் கலங்கியது. "உலகத்துலயே ஐநூறுதான் போட்டாங்க."

ஆசாரி நாணயத்தை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களைப் பூப்போல மூடிவிட்டார்.

"அப்ப இது ஐநூத்தி ஒண்ணாவதுங்க மாப்ள, போன மாசம் ஒங்க வூட்டுல அந்த அசல அழிச்சுக் கொலுசா போட்டுக்கினு போவறப்ப, ஒங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு ஜெர்மன் சில்வர்ல என்னை ஊத்தித் தரச் சொன்னாங்க."