அழுகண்ணிக்குப் போட்ட மூக்குக்கண்ணாடி

1938 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி ஒன்பது நாற்பது. சாரல் விட்டுவிட்டு விழுந்தது. நடுவில் ஏழெட்டு நிமிடம் வெயில். (ஏழெட்டு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. முதல் வெயில் ஏழு நிமிடம், இரண்டாவது எட்டு.) அந்த நேரத்தில் நான் ஐந்தருவிக்குச் சற்று மேலே ஒரு பாறையில், உடம்பெல்லாம் நல்லெண்ணெயும் இடுப்பில் ஒற்றைத் துண்டுமாக, தலையைக் கறுப்புத் துணிக்குள் நுழைத்துக் குப்புறக் கிடந்தேன். எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில், எனக்குப் பேசியிருந்த பெண் கோமதி நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்பதை இன்றுவரை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

அப்போது எனக்கு வயது இருபத்துநாலு. தென்காசியில் விஞ்ஞான வாத்தியார். பெண்ணின் தகப்பனார் என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், கடையத்தில் நாட்டு வைத்தியர். நாற்பது மூலிகைகளைப் பற்றிப் புத்தகம் எழுதி முடித்திருந்தார். முப்பத்தொன்பதற்குப் படம் தயார். நாற்பதாவதான அழுகண்ணியைத்தான் அச்சுக்கூடத்துச் சித்திரக்காரர் அரைக்கீரை மாதிரி வரைந்து வைத்துவிட்டார். அழுகண்ணி சாணுயரச் செடி. இலையெங்கும் முடி; முடி நுனிதோறும் கண்ணீர் மாதிரி பசைத் துளி. பூச்சி வந்து உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும்.

“மாப்ளே, முடிக்கு முடி தெரியணும். தெரிஞ்சா ஆவணியில கல்யாணம்” என்றார் மாமா. தெரியாவிட்டால் அம்பாசமுத்திரத்து சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் ஜாதகத்தோடு காத்திருந்தார்.

என்னிடம் பழைய கண்ணாடித்தட்டு காமிரா ஒன்று இருந்தது. அதன் துருத்தியை எவ்வளவு இழுத்தாலும் மூன்றடிக்குக் கிட்டே போனால் உருவம் கலைந்துவிடும். மூன்றடியில் செடி கடுகளவுதான் விழும். யோசித்தேன். வெள்ளெழுத்துக்குப் போடும் கண்ணாடி உருப்பெருக்கும் வில்லைதானே? மாமாவின் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, வலது வில்லையைக் கழற்றி, மெழுகு வைத்துக் காமிராவின் கண்ணில் ஒட்டினேன். ஓரடியில் செடி தெரிந்தது. மாமா ஒற்றைக் கண்ணாடியோடு பார்த்து, “பெரிய மூளைக்காரம்லா நம்ம மாப்ளே!” என்றார். அன்று அவர் கடைசியாகச் சொன்ன ‘மாப்ளே’ அதுதான்.

தவறு எங்கே நடந்தது என்றால், குற்றாலத்துக்கு வந்தவன் முதலில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் வேறு வேலை பார்ப்பதை மாமா ஒப்பமாட்டார். “எண்ணெய் ஊறட்டும். அதுக்குள்ள படத்த எடுத்துட்டா நேரா அருவிக்குப் போயிரலாம்.” ஊறினேன். ஊறிய கையாலேயே வில்லையை ஒட்டினேன். சரியாக இருக்கிறதா என்று நாலு தரம் தடவியும் பார்த்தேன்.

கொண்டுபோனது மாமா வாங்கிக் கொடுத்த ஆறு தட்டு; தட்டுக்கு ஒரு படம். வெளிச்சம் போதாது என்று காமிராவின் துவாரத்தை முழுக்கத் திறந்தேன். மாமியின் முகம்பார்க்கும் கண்ணாடியைக் கோமதி கையில் கொடுத்து, காமிராவுக்கு மேலிருந்து நேராகச் செடிமேல் வெயிலை அடிக்கச் சொன்னேன். காமிராவின் பின்புறம் உருவம் விழும் தேய்த்த கண்ணாடியில் எல்லாம் பனிமூட்டமாகத் தெரிந்தது. சாரலின் அழகு என்று நினைத்து உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். ஐந்து தட்டு போயிற்று.

அப்போது கோமதி அப்பாவிடம் சொன்னாள் (என்னிடம் நேரே பேசுகிற காலமா அது!): “ஏப்பா, அவுக எண்ணெக் கையாலயே வில்லையத் தொடுதாக. பெறகு மூட்டமாத்தான தெரியும்?”

துணிக்குள்ளேயே எனக்கு வியர்த்தது.

“இன்னொண்ணுப்பா. நேரா அடிச்சா எல சப்பையாத் தெரியுது. இங்கன பக்கவாட்டுல, கொஞ்சம் பின்னாலருந்து அடிச்சாத்தான் துளி மினுங்குது. அவுக துணிக்குள்ளயே கெடக்காக, பாக்கலயோ என்னமோ.”

“கேட்டியாலே?” என்றார் மாமா. மாப்ளே போய் ‘லே’ வந்துவிட்டது.

கோமதி முந்தானையால் வில்லையைத் துடைத்தாள். அவள் காட்டிய பக்கத்திலிருந்து வெயில் விழுந்ததும் ஒவ்வொரு துளியும் விளக்கேற்றியது போல் எரிந்தது. முன்முடி தெளிந்தால் பின்முடி கலைந்ததால் துவாரத்தைச் சிறிதாக்கினேன். அதற்குப் பதினோரு விநாடி திறந்திருக்க வேண்டும். காற்றோ செடியை ஆட்டியது. மாமா குனிந்து தண்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். ஒன்று, இரண்டு என்று நான் எண்ண, மூன்றுபேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். பதினொன்று. ஆறாவது தட்டு முடிந்தது.

வெற்றி வெறியில் வில்லையைப் பிடுங்கினேன். எண்ணெய்க் கை. அது மீன்குஞ்சு மாதிரி வழுக்கி, பாறையில் இரண்டு குதி குதித்து, ஓடைக்குள் போய்விட்டது.

“ஏலே! என் கண்ணப் புடுங்கிட்டியேலே!” என்ற மாமாவின் குரல் அருவிச் சத்தத்தை அமுக்கியது.

நாற்பது நிமிடம் ஓடையைத் துழாவினேன். கிடைத்தது ஒரு சோப்புப் பெட்டி மூடி.

அன்று சாயங்காலம் தென்காசி வீட்டு நெல்லறையை வெளிச்சம் புகாமல் அடைத்துக்கொண்டு தட்டுகளைக் கழுவினேன். ஐந்தில் குற்றாலத்து மேகம். ஆறாவதில் முடிக்கு முடி, துளிக்குத் துளி. கூடவே அழுகண்ணியைவிடப் பெரிதாக, ரேகை ரேகையாக மாமாவின் கட்டைவிரல். மாமா மிச்சமிருந்த ஒற்றை வில்லையால் வெகுநேரம் பார்த்தார். “தெரியுதுலே” என்றார். படம் பிற்பாடு விரலோடுதான் அச்சாயிற்று.

சந்தோஷம் தாளாமல், புதுக் கண்ணாடிக்குக்கூடக் காத்திராமல், மறுநாளே பஞ்சாங்கத்தைப் பிரித்தார். அதில் எல்லாம் தமிழ் எண். ஆறு ‘சு’ மாதிரி இருக்கும், நாலு ‘ச’ மாதிரி. ஒற்றை வில்லைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆவணி பதினாறைப் பதினாலு என்று படித்தார். கிழமை போடாமல், மூலையில் மஞ்சள் தடவி, நூற்றுநாற்பது கார்டு எழுதிப் போட்டார். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பு, அச்சாரம் வாங்க வந்த நாகஸ்வரக்காரர்தான் மெதுவாகக் கேட்டார்: “அண்ணாச்சி, பதினாலு செவ்வாக்கெழமைலா? செவ்வாக்கெழமையா தாலி கட்டப் போறிய?”

மறுபடி நூற்றுநாற்பது கார்டு எழுதினேன். என் கையெழுத்தில், ஆங்கில எண்ணில், கிழமையோடு. அப்படியும் வடகரையிலிருந்து பதினெட்டுப் பேர் செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து இறங்கினார்கள்.

மாமா கடைசிவரை என்னை மறுபடி ‘மாப்ளே’ என்று கூப்பிடவில்லை. இன்றும் நான் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் போனால்கூட உள்ளேயிருந்து கோமதி குரல் வரும்: “கையத் தொடச்சீகளா?” பேரன் பேத்திகள் ஏழு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். ஒரு பூவையோ பூச்சியையோ கிட்டே போய்ப் படம் எடுக்க யாராவது யோசனை கேட்டால் நான் சொல்வதெல்லாம் அவள் அன்று சொன்னதுதான்: வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும், கை சுத்தமாக இருக்கட்டும்.

தட்டு ஆறு, வில்லை ஒன்று, இரண்டாம் தடவை எழுதிய கார்டு நூற்றுநாற்பது, வடகரைக்காரர் பதினெட்டுப் பேரின் சாப்பாடு. எல்லாவற்றையும் மாமா சீரில் கழித்துக்கொண்டார்: பதினேழு ரூபாய், ஒன்பது அணா, மூன்று பை.