எட்டுக் கோட்டுக்கு ஒரே மார்பு

பயந்தவன் தப்பு செய்யமாட்டான் என்று நினைக்காதீர்கள். அவன் அந்தத் தப்பை மூன்று முறை சரிபார்த்துவிட்டுச் செய்வான். (நான் சொன்னால் நம்பலாம், அனுபவஸ்தன்.)

எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருந்தேன். எண்பதுகளின் கடைசி. பேண்டு செட் நடத்தும் பாய் ஒருவர், தொப்பூரில் ஒரு கல்யாணத்துக்காக எட்டுச் சிவப்புக் கோட்டு ஆர்டர் கொடுத்தார்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கணுங்க. நல்லா அமைஞ்சா இனி நம்ம செட்டுக்கு நீங்கதான்" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் பெங்களூரில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த மச்சான், என் மனைவியின் தம்பி, லீவுக்கு வந்தான். புதிதாகக் கற்றதை யாரிடமாவது கொட்டாவிட்டால் அவனுக்கு வயிறு உப்பிவிடும்.

"மாமா, நீங்க துணி வெட்ட ஒரு அட்ட வெச்சிருக்கீங்கள்ல, கம்ப்யூட்டர் பாஷையில அது கிளாஸு. அத வெச்சு தைக்கிற ஒவ்வொரு கோட்டும் ஆப்ஜெக்ட்டு. கை, காலரு, பட்டன்னு என்னென்ன இருக்கணும்னு கிளாஸு சொல்லும். அத ஒரு தடவ சரியா எழுதிட்டா எத்தன ஆப்ஜெக்ட்டு வேணாலும் போட்டுக்கலாம்."

"போதும்டா!" என்று எழுந்துவிட்டேன். "ஆனா மாமா..." என்று அவன் இழுத்தது காதில் விழுந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தைரியம் வந்திருந்தது. நின்று கேட்டு அதை வீணாக்க மனசில்லை.

பாயை மட்டும் மூன்று முறை அளந்தேன். (எட்டுப் பேரை அளந்தால் எட்டு இடத்தில் தப்பு வருமே!) அந்த அளவில் அட்டை வெட்டினேன். எட்டுக் கோட்டும் நூல் பிசகாமல் ஒரே மாதிரி.

கல்யாண வாசலில் போட்டுப் பார்த்தார்கள். தாளக்காரர் கோட்டுக்கைக்குள் தாளத்தோடு காணாமல் போனார். பெரிய டிரம்காரரின் பட்டனும் காஜாவும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் போல விலகி நின்றன. டிரம்பெட்காரர் மூச்சை இழுத்தார். மூன்று பட்டன்கள் பறந்தன, ஒன்று சம்பந்தியின் காபியில் விழுந்தது.

பாய் தன் கோட்டைத் தடவிக்கொண்டார். "டெய்லரே, எனக்கு மட்டும் அம்சமா இருக்குதுங்க."

மற்ற ஏழு பேரையும் அளந்து, ஏழு கோட்டையும் மறுபடி தைத்துக் கொடுத்த பிறகுதான் அவர் என்னோடு பேசினார்.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். "மார்பளவுன்னு ஒண்ணு உண்டுன்னு சொல்றதுதான் மாமா கிளாஸு. அது எத்தன இஞ்சுங்கறத ஒவ்வொரு கோட்டும் தனித்தனியா வெச்சிருக்கும். நீங்க பாயோட மார்ப கிளாஸுக்கே குடுத்துட்டீங்க!"

இப்போது அவன் பெங்களூரில் அதே பாடம் நடத்துகிறான். எட்டுக் கோட்டைச் சொல்லாமல் ஆரம்பிப்பதே இல்லையாம். வீட்டில் நான் யார் பேச்சிலாவது பாதியில் எழுந்தால் போதும், என் மனைவி கேட்பாள்:

"எங்க கெளம்பிட்டீங்க, அட்ட வெட்டவா?"

உட்கார்ந்துவிடுவேன்.