கிளிப்பச்சைப் புடவையில் ஓடிய ரயில்

படிக்காதவன் தப்பு செய்தால் சும்மா செய்துவிட்டுப் போவான். படித்தவன் விளக்கம் சொல்லிக்கொண்டே செய்வான். நான் இரண்டாவது ரகம். பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஒரு கல்யாணப் பெண்ணை அழவைத்தவன்.

எங்கள் ஆரணியில் தடுக்கி விழுந்தால் பட்டுக்கடை. ரயில் மட்டும் கிடையாது. அதற்கு வெளியூர் போக வேண்டும். ஓய்வு பெற்ற கையோடு அந்தக் குறையை நான் தீர்த்துவைத்தேன். (மேசை மேல்தான்.) பொம்மை ரயில், தண்டவாளம், அட்டையில் ஸ்டேஷன், எதிரே ஒரு கடைத்தெரு. எல்லாவற்றுக்கும் எரிகிற பெயர்ப்பலகை. கண்ணாடித்தாளில் எழுத்து, அதன் முதுகில் அரிசி அளவு எல்இடி, ஓரத்தில் ஒளி கசியாமல் கறுப்புக் காகிதம். முடி போன்ற இரண்டு ஒயர்கள் சுவருக்குள் இறங்கி அடியில் வெளியே வரும். இதற்காக மகளின் புருவம் திருத்தும் இடுக்கியை நான் எடுத்துக்கொண்டதில், அவள் பல வாரம் ஒரு புருவத்தை மட்டும் திருத்திக்கொண்டு நடமாடினாள்.

ஸ்டேஷனுக்கு மஞ்சளில் ‘ஆரணி’, பிறகு மெடிக்கல்ஸ், டிபன் கடை. கடைசியாக, உண்மைக்கு விரோதம் இல்லாமல், ஒரு ஒயின் ஷாப்.

“இன்னாங்க இது? பொண்ணு கடை தொறக்கிற எடத்துல ஒயின் ஷாப்பா? கழட்டுங்க ஜல்தி” என்றாள் மனைவி.

“ஸ்டேஷன் பக்கத்துல இது இல்லன்னா யார் நம்புவாங்க?”

கழற்றுவதுபோல் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு, அவள் தலை மறைந்ததும் அதற்குத் தனியாக ஒரு பொத்தான் பேட்டரி வைத்தேன்.

மகள் சுமதி பட்டுக்கடை திறக்கிறாள், வாசல் கண்ணாடிக்குள் என் ரயில் ஓடும், கூட்டம் கூடும். இதுதான் ஏற்பாடு. அவளுக்கு முதல் ஆர்டர் சந்தவாசலில் இருந்து வந்திருந்தது. தீபா என்ற பெண்ணின் முகூர்த்தப் புடவை. திறப்பு விழாவன்றே பெண் வீட்டார் வந்து வாங்கிப்போவதாகப் பேச்சு. முதல் புடவை கை நழுவினால் ஊரில் பேரே எடுக்க முடியாது என்று சுமதி சரியாகத் தூங்கக்கூட இல்லை.

அன்று காலை பார்த்தால் என் ஊர் வெறும் பிளைவுட் பலகையில் நிற்கிறது. ஆரணியைச் சுற்றி வயல் இல்லாமலா? கடை அலமாரியைத் திறந்தேன். மேல் தட்டில் கிளிப்பச்சையில் ஒரு புடவை, சாண் அகலத்துக்கு ஜரிகைக் கரை. நாற்று வயலும் விளைந்த நெல்லும் ஒரே துணியில்! முகூர்த்தப் புடவை என்றால் அரக்கு நிறம் என்பது என் ஞானம். ஆகவே விரித்தேன். கரைமேல் கடைத்தெருவை வரிசையாக நிறுத்தினேன். அடியில் ஒயர்களை முறுக்கி இணைத்தேன். டேப் சுற்றவில்லை. மேடு தட்டுமாம். கரண்டு போனால் மானம் போகுமே என்று, இன்வெர்ட்டர் பேட்டரியில் இருந்தே நேராக இணைப்பு கொடுத்தேன்.

தீபாவும் அவள் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா உட்காரும் முன்பே கேட்டார்.

“ஏம்மா சுமதி, ஜரிகை அசலுதானா? போன கல்யாணத்துல ஒருத்தன் பிளாஸ்டிக்க குட்த்து ஏமாத்திட்டான்.”

“அசல் வெள்ளிங்க. எடுத்தாந்து காட்றேன்” என்று சுமதி அலமாரிப் பக்கம் போனாள்.

நல்ல நேரம் இதுதான் என்று நான் சுவிட்சைத் தட்டினேன்.

பெயர்ப்பலகைகள் ஒருமுறை மின்னின. பிறகு ‘ஆரணி’ அணைந்தது. மெடிக்கல்ஸ் அணைந்தது. டிபன் கடை அணைந்தது. கடைத்தெருவுக்கு அடியிலிருந்து புகை வந்தது. (ஒரு நொடி, ரயில் எஞ்சின் புகைவிடுகிறது என்று நான் பெருமைப்பட்டேன்.) இருண்ட ஊரில் ஒயின் ஷாப் ஒன்று மட்டும் சிவப்பாக, நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

“அப்பா! மேல்தட்டுப் பொடவ எங்க?”

நான் மேசையைப் பார்த்தேன். எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள்.

ஒயரைப் பிடுங்கி, ஊரைக் கவிழ்த்து, புடவையை இழுத்தோம். கரை நெடுகக் கருகல். அதை ஒட்டிய பட்டு முந்திரிப்பருப்பு அளவுக்கு ஓட்டை ஓட்டையாகப் பொசுங்கியிருந்தது. தீபா அதை மடியில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். நான் ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று சொன்னேன்:

“அது... வெள்ளி நல்ல கடத்தி.”

“ஒன்பதாங்கிளாஸ்ல நீயேதான எனக்கு நடத்துன? வாய மூடிகினு போ” என்றாள் சுமதி. அவள் கண்ணும் நிறைந்திருந்தது. மனைவி ஒயின் ஷாப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவள் இன்னும் திரும்பப் பெறவில்லை.

சந்தவாசல் அம்மா கருகிய கரையை விரலால் தேய்த்தார். முகர்ந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கல்யாணப் புடவையில் நெருப்பு. அபசகுனம் என்று எழுந்து போகப்போகிறார் என்றே நாங்கள் நினைத்தோம்.

“பிளாஸ்டிக்கா இருந்தா கரண்டு பாயுமா வாத்தியாரே?”

“பாயாதுங்க.”

“அப்ப அசலுதான்” என்று சுமதி பக்கம் திரும்பினார். “இதே மாதிரி இன்னொண்ணு நெய்ஞ்சு குடு கண்ணு. கல்யாணத்துக்குள்ள ஆவணும். ஆனா இந்தாளு அந்தப் பக்கமே போவக்கூடாது.”

நெசவாளர் வீட்டில் தறி ஓய்வில்லாமல் ஓடி, புடவை கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. அதுவரை சுமதி என்னோடு பேசவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெண் அழுததுதான் இன்றும் உறுத்துகிறது. ஆசையோடு வந்தவள் கரியைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். விளக்கம் எதுவும் அதைத் துடைக்காது. கல்யாணத்தில் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல சார்” என்றவள், முந்தானையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இப்போது சுமதியின் கடையில் யாராவது ஜரிகையைச் சந்தேகித்தால், “அப்பாவக் கூப்புடட்டுமா?” என்கிறாள். உடனே நம்பிவிடுகிறார்கள். என் ஊர் வீட்டு மேசைக்கே திரும்பிவிட்டது. வீட்டில் கரண்டு போனால் யாரும் மெழுகுவத்தி தேடுவதில்லை. சமையலறையில் இருந்து மனைவியின் குரல் முதலில் வரும்:

“ஏங்க, ஒயின் ஷாப்பு எரியுதா பாருங்க!”