மாமனார் சைக்கிளுக்குக் கஞ்சி போட்ட கதை

என் மாமனாரைச் சேற்றில் தள்ளியது நான் இல்லை, செவலைதான் என்று பல வருடமாகச் சாதித்து வருகிறேன். செவலை ஒரு பசுமாடு. மறுத்துப் பேச அதற்கு வாய் கிடையாது (தின்பதற்கு மட்டும் உண்டு). இனியும் வாயில்லா ஜீவன் மேல் பழி போடுவது பாவம். தள்ளியது நான்தான். அதுவும் தூரத்தில் நின்றபடி, கையைக்கூட நீட்டாமல்.

கயலும் நானும் தஞ்சாவூரில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். அவள் லேப், நான் கம்ப்யூட்டர். ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்டோம். திருப்பனந்தாள் பக்கம் விவசாயம் பார்க்கும் அவள் அப்பா சண்டைக்கு வரவில்லை, சாபம் விடவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். எட்டு மாதம். சண்டை போட்டிருந்தால் காலில் விழுந்தாவது முடித்திருக்கலாம். கயல் போன் செய்தால் அவள் அம்மா, அதாவது என் அத்தைதான் எடுப்பார். பின்னால் அவள் அப்பா இருமும் சத்தம் கேட்கும். அந்த இருமலைக் கேட்பதற்காகவே அவள் ரசத்துக்கு எவ்வளவு புளி என்று தெரியாதவள் மாதிரி பேச்சை இழுப்பாள். எனக்குப் பார்க்கச் சகிக்காது. என்னால் வந்த வினை, நானே தீர்க்க வேண்டும் என்று மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டேன்.

பதினெட்டாம் பெருக்குக்கு அத்தை எங்களை அழைத்தார். "அவங்க சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. நீங்க பாட்டுக்கு வாங்க" என்றார். போனோம். மாமனார் கொட்டகையில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு மாட்டின் பக்கம் திரும்பினார்.

"என்ன செவல, வெயில்ல வந்தவங்களுக்கு மோர் குடுத்தாங்களா?"

கயல் என் இடுப்பில் இடித்தாள். "உங்களத்தான் கேக்குறாங்க. பதில் சொல்லுங்க." (தஞ்சாவூரில் நான் 'நீ'. ஊர் எல்லை வந்ததும் 'நீங்க' ஆகிவிடுவேன்.)

நானும் மாட்டைப் பார்த்து, "குடுத்தாச்சுங்க" என்றேன். அன்று முழுக்க எங்கள் பேச்சுவார்த்தை செவலை வழியாகவே நடந்தது.

மறுநாள் காலை அவர் சைக்கிள் கண்ணில் பட்டது. ஹேண்டிலில் ஒரு பக்கம் கிரிப்பே இல்லை, வெறும் இரும்பு. இன்னொரு பக்கம் கிழிந்த துண்டைச் சுற்றியிருந்தார். எனக்கு மூளையில் பல்பு எரிந்தது. புது கிரிப் மாட்டிக் கொடுத்தால் மனிதர் உருகாமலா போவார்? கடைத்தெருவுக்கு ஓடி ஒரு ஜோடி வாங்கினேன். "வண்டிய எடுத்துட்டு வாங்க, அரை நிமிஷத்துல மாட்டித் தர்றேன்" என்றார் கடைக்காரர். "வேணாங்க, நானே மாட்டிக்குவேன்" என்றேன். சனி என் நாக்கில்தான் உட்கார்ந்திருந்தது.

கிரிப் உள்ளே போகவில்லை. தள்ளினேன், திருகினேன், பல்லைக் கடித்துக்கொண்டு மார்பை வைத்து முட்டினேன். கால்வாசி போய் நின்றுகொண்டது. செல்போனில் தேடியபோது ஒரு வெள்ளைக்காரர் ஹேர் ஸ்ப்ரே அடித்துச் சுலபமாக மாட்டினார். ஈரமாக இருக்கும்போது வழுக்குமாம், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளுமாம். அந்த வீட்டில் ஹேர் ஸ்ப்ரேக்கு எங்கே போவது? மாமனார் தலைக்குச் சீப்பே தேவையில்லை.

அப்போதுதான் என் அறிவு வேலை செய்தது. ஈரத்தில் வழுக்கி, காய்ந்ததும் பிடித்துக்கொள்வது எது? வடிகஞ்சி! கஞ்சி போட்ட வேட்டி பலகை மாதிரி நிற்கவில்லையா? கொல்லைப்புறப் பானையில் கஞ்சி நிறைய இருந்தது. கை முழுக்க அள்ளி ஹேண்டிலில் பூசினேன். கிரிப் இரண்டும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன. வெள்ளைக்காரனுக்கே தோன்றாத யோசனை என்று என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை. காற்றுப் புகாத ரப்பருக்குள் கஞ்சி எப்படிக் காயும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை, வெள்ளை வேட்டியோடு மாமனார் வந்தார். வாய்க்காலில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று பார்க்கக் கிளம்புகிறார். புது கிரிப்பைப் பார்த்தார். ஒரு தரம் அமுக்கினார்.

"ம்" என்றார்.

மாட்டிடம் இல்லை. காற்றில் பொதுவாகச் சொன்னார். கயல் என் கையைக் கிள்ளிவிட்டாள். "ம்னு சொன்னாங்க, கேட்டீங்களா?" அந்த ஒரு 'ம்'முக்கு அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து நான் வானத்தில் மிதந்தேன்.

அவர் ஏறி மிதித்தார். வீட்டைத் தாண்டியதும் மண்பாதை, அதை ஒட்டி நாற்றங்காலுக்காகச் சேறடித்து வைத்த வயல். மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்டிருந்த செவலை தலையைத் தூக்கி மோந்தது. பிறகு சைக்கிளுக்குப் பின்னால் ஓட ஆரம்பித்தது. பக்கத்தில் போய், இடது பக்கக் கிரிப்பை ஒரே நக்கு.

"ஏ செவல! ச்சீ, அங்குட்டுப் போ!" என்று அவர் ஹேண்டிலை வெடுக்கென்று இழுத்தார். வலது கிரிப் உருவிக்கொண்டு அவர் கையோடு வந்தது. இடது கிரிப் மாட்டின் வாயோடு போனது. சைக்கிள் பாதையில் சாய, மாமனார் மட்டும் வயலில் இறங்கினார்.

நான் அலறிக்கொண்டு ஓடினேன். வேட்டியின் வெள்ளை போன இடம் தெரியவில்லை. சேற்றில் சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தவர், கையிலிருந்த கிரிப்பை மோந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். செவலையை இல்லை, என்னை.

"கஞ்சியா?"

"ஆமா மாமா."

"எந்தக் கஞ்சி?"

"கொல்லையில பானையில இருந்துச்சுங்க..."

"அதுல உப்பும் தவிடும்ல கலந்துருக்கு! மாட்டுக்கு வச்ச கஞ்சியையா எடுத்துப் பூசுனீங்க? அது சும்மா வருமா? அய்யய்யோ, மொதல்ல அது வாயிலேருந்து ரப்பரப் புடுங்குங்க, முழுங்கிடப் போவுது!"

புடுங்கினேன். வெட்கத்தில் நான் கூனிக் குறுகியிருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எட்டு மாதத்துக்குச் சேர்த்து வைத்து மனிதர் என்னிடமே பேசுகிறார்!

"என்ன நிக்கிறீங்க? கையக் குடுங்க மாப்ள."

மாப்ள! பாய்ந்து கையைக் கொடுத்தேன். என் கையிலும் கஞ்சி. போதாததற்கு இப்போது மாட்டின் எச்சில். பாதி எழுந்தவர் வழுக்கிப் பின்னால் போக, நான் தலைகுப்புற அவர் பக்கத்தில் விழுந்தேன். முகத்துச் சேற்றை வழித்துவிட்டுப் பார்த்தால், மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பின்னாலேயே ஓடிவந்த கயல் பாதையில் நின்று சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

"நீ என்னாத்துக்குடா அழுவுற?" என்றார் அவளிடம். "அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. வந்து தூக்கி வுடு. ஒம் புருஷன நம்பிப் புண்ணியமில்ல."

மறுநாள் கடைக்காரர் சொன்னபடி அரை நிமிடத்தில் வேறு கிரிப் மாட்டிக் கொடுத்தார். இன்றும் நான் போனால் அத்தை கஞ்சிச் சொம்பை நீட்டி, "குடிக்கவா மாப்ள, வண்டிக்கா?" என்று கேட்பார். மாமனார் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் நாலு பேரைச் சேர்த்துவைத்து இந்தக் கதையை எடுத்துவிடுவார். வருடா வருடம் சேறு ஆழமாகிக்கொண்டே போகிறது. போன மாதம் கும்பகோணத்தில் ஒரு பந்தியில் அது கழுத்து வரை வந்துவிட்டது, துரத்திய மாடும் மூன்றாகிவிட்டது. எதிரே இருந்தவர்கள் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். "திருத்திச் சொல்லேன், பாவம் உன் மானம் போகுது" என்று கயல் காதில் கிசுகிசுத்தாள். எதற்குத் திருத்த வேண்டும்? பேசட்டும், மனிதர் வாய் ஓயாமல் பேசட்டும்.