பரிசத் தட்டில் கை வைத்த மணப்பெண்

பரிசத்தன்று மணப்பெண் தலை குனிந்து உட்கார வேண்டும் என்பார்கள். நானும் குனிந்துதான் உட்கார்ந்தேன். லட்டுத் தட்டு கீழே இருந்ததே, என்ன செய்ய?

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இனிப்பு நீர். இன்சுலின் ஊசி போட்டதும் சாப்பிட்டாக வேண்டும். மாப்பிள்ளைக்கு இது தெரியும். அவர் வீட்டாருக்குத் தெரியாது. "தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டார். (அவரைப் பொறுத்தவரை என் கணையமும் குடும்ப ரகசியம்.)

மாப்பிள்ளை வீட்டார் காப்பாரிலிருந்து கிளம்பிவிட்டார்கள், வந்ததும் சாப்பாடுதான் என்றார்கள். அதை நம்பி, கிள்ளானில் எங்கள் வீட்டு அறையில் ஊசியைப் போட்டுக்கொண்டேன். அவர்கள் லோரி நெரிசலில் மாட்டித் தாமதமாக வந்தார்கள். வந்த பிறகாவது சாப்பாடு உண்டா? என்னைச் சபையில் உட்காரவைத்துவிட்டு, இரு வீட்டு மாமாக்களும் மைக் பிடித்து வம்சப் பெருமை பேசத் தொடங்கினார்கள். அவசரத்துக்கு வைத்திருந்த பெட்டி ஜூஸையும் அம்மா முன்பே பிடுங்கியிருந்தார். பட்டுப்புடவையோடு ஸ்ட்ரா உறிஞ்சினால் வீடியோவில் அசிங்கமாம்.

கை நடுங்கியது. நெற்றியில் வியர்வை ஊற்றியது.

"பொண்ணுக்கு வெக்கம் லா" என்று ஓர் ஆன்டி பூரித்துப்போனார்.

அதற்குமேல் யோசித்ததாக ஞாபகமில்லை. தட்டைச் சுற்றியிருந்த கண்ணாடித்தாளைக் கிழித்து, லட்டை இரண்டு கையாலும் அள்ளித் தின்றேன். மைக் நின்றது.

"பசி தாங்கமாட்டா" என்று அம்மா முனகினார்.

"எனக்கு இனிப்பு நீர். ஊசி போட்டுட்டேன்" என்றேன், வாய் நிறைய லட்டோடு.

"ஐயோ, இனிப்பு நீருக்கு லட்டா!" என்று எங்கள் பெரிய மாமா பாய்ந்து தட்டைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். அழுகை வந்தது, அழுதுகொண்டே மென்றேன்.

"சீனி இறங்கிடுச்சு மாமா, இப்ப இனிப்புதான் மருந்து" என்று மாப்பிள்ளை எழுந்து ஓடி வந்தார். அதைக் கேட்ட அவர் அம்மா ஒரு அதட்டல் போட்டார்.

"தட்ட விடுங்கண்ணே! அவளுக்குத்தானே கொண்டாந்தோம்?"

பிறகு என் அம்மாவிடம் திரும்பினார். "மறைச்சதுக்கு அப்புறம் சண்டை போடறேன் சம்மந்தி. மொதல்ல புள்ளைக்குச் சோறு போடுங்க."

அம்மா இன்று இல்லை. "அந்தச் சண்டையப் போடறதுக்குள்ளயே போயிட்டாங்களே" என்று என் மாமியாரான அத்தை இப்போதும் கண் கலங்குவார்.

இப்போதெல்லாம் எங்கள் குடும்பப் பரிசங்களில் என் பக்கத்தில் லட்டும் பெட்டி ஜூஸுமாக ஒரு தட்டு தனியாக இருக்கும். (அதனால் ஒற்றைப்படையில் இருக்கவேண்டிய தட்டுகள் இரட்டைப்படை ஆகிவிடுமென்று சும்மா இன்னொரு தட்டு.) போன வருடம் பூச்சோங்கில் ஒரு பரிசத்தில் மைக் பிடித்த ஒருவர் இது எதற்கு என்று கேட்டார்.

"நீங்க மைக்க விடலன்னா என் மருமக திம்பா" என்றார் அத்தை.

நான் கண்ணாடித்தாளைத் தொட்டால் போதும், மாமாக்கள் நன்றி சொல்லி முடித்துவிடுகிறார்கள்.